செய்தி சென்ற வழி: நாட்டுப்புறத் தொலைத்தொடர்பும் தோட்டப்புறமும்

ஒரு நாட்டின் சாலைகள் செல்லும் வழியைப் பார்த்தால், அந்நாட்டின் செல்வம் எங்கே விளைகிறது என்பது தெரியும். செய்தி செல்லும் வழியைப் பார்த்தால், அந்நாடு யாரைக் கணக்கில் வைத்திருக்கிறது என்பது தெரியும். அஞ்சல், தந்தி, தொலைபேசி ஆகியவற்றைக் கடந்து, இன்று கைப்பேசியும் இணையமும் செய்தியைச் சுமக்கின்றன. கருவிகள் மாறின, செய்தி எந்த வாசல்வரை செல்ல வேண்டும் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

மலேசிய நாட்டுப்புறங்களுக்கு இணையத்தையும் கைப்பேசி அலையையும் கொண்டு செல்ல அரசாங்கம் கடந்த கால் நூற்றாண்டில் வகுத்த திட்டங்கள் பல. அவற்றுக்குச் செலவான பொருளும் சிறிதன்று. ஆயினும், பட்டணத்திலிருந்து நாலைந்து கல் தொலைவிலேயே உள்ள தோட்டக் குடியிருப்புகள் சிலவற்றில் இன்றும் அலை ஒழுங்காகக் கிடைப்பதில்லை. தொலைவே இதற்குக் காரணம் என்றால், அது சரவாக்கின் உள்காட்டு நீண்ட வீடுகளுக்குப் பொருந்தும். பெருஞ்சாலையின் ஓசை கேட்கும் தோட்டத்துக்குப் பொருந்தாது. வேறு காரணம் இருத்தல் வேண்டும். அதனை வரலாற்றின் துணைகொண்டு தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அனைவர்க்கும் சேவை என்னும் கொள்கை

நகரத்து வருவாய் நாட்டுப்புறத்துச் செலவைத் தாங்க வேண்டும் என்ற எண்ணம் அஞ்சலில் உருப்பெற்றது. இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டுக்கு முன் கடிதக் கட்டணம் தொலைவுக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்ப மாறியது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே அதனைச் செலுத்தினார். ரோலண்டு ஹில் என்பவர் இதனைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். கடிதத்தைத் தொலைவுக்குச் சுமந்து செல்ல ஆகும் செலவு மிகச் சிறிது என்றும், அதனைக் கையாண்டு கட்டணம் வசூலிக்க ஆகும் செலவே பெரிது என்றும் காட்டினார். அவர் யோசனைப்படி 1840இல் அரை அவுன்சுக் கடிதத்துக்கு நாடு முழுவதும் ஒரு பென்னி என்ற ஒரே கட்டணம் வந்தது. இலண்டன் வணிகரும் மலையடிவாரத்து உழவரும் அஞ்சலகத்தின் முன் சமமாயினர்.

தொலைபேசியின் நிலை வேறு. கடிதத்தைத் தோளில் சுமந்து செல்லலாம். தொலைபேசிக்கோ ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கம்பி இழுத்தாக வேண்டும். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் தலைவராக 1907இல் பொறுப்பேற்ற தியோடர் வெயில் என்பார், அனைவர்க்கும் சேவை என்ற தொடரைப் பரப்பினார். சிதறிக் கிடந்த தொலைபேசிகள் அனைத்தையும் தம் நிறுவனத்தின்கீழ் இணைக்க வேண்டும் என்பதே அத்தொடரால் அவர் முதன்மையாகக் கருதியது. 1934ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொடர்புச் சட்டம் நாட்டு மக்கள் எல்லார்க்கும் நியாயமான கட்டணத்தில் சேவை என்ற நோக்கத்தை வகுத்தது. 1936இல் நாட்டுப்புற மின்சாரத்துக்கெனக் கடன் கொடுக்கும் சட்டம் வந்தது. 1949இல் அதே கடன் நாட்டுப்புறத் தொலைபேசிக்கும் விரிவாயிற்று. இலாபத்தை நோக்கும் நிறுவனம் தானாக உழவர் வீட்டுக்குச் செல்லாது, அரசு தள்ளினாலன்றி நகராது என்பதை அந்நாடு பட்டறிந்து கொண்டது.

மலாயாவில் கம்பி சென்ற வழி

நம் நாட்டுக்கு வருவோம். சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி 1870-71இல் போடப்பட்டது. வங்கக் கடலைச் செய்தி நிமிடக் கணக்கில் கடந்தது. அதே கடலைக் கப்பலில் நாட்கணக்கில் கடந்து வந்த நம் முன்னோர்க்கு அக்கம்பி எட்டாப் பொருளாகவே இருந்தது. ஊரில் தாய் மறைந்த செய்தி கப்பலேறிக் கடிதமாக வந்தது. படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிச் சென்று, அவர் வாய்வழியாக அதனைக் கேட்டு அழுதனர்.

உள்நாட்டில் கம்பி எவ்வழிச் சென்றது? ஈயம் சென்ற வழியே சென்றது. பின்னர்ப் பால்மரம் வளர்ந்த வழியே சென்றது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் ஓடிய முதல் இரயில் ஈயத்தைத் துறைமுகத்துக்குச் சுமந்தது. ஆட்சியாளர் அலுவலகங்களையும் சுரங்க நகரங்களையும் தந்தி இணைத்தது. தோட்டங்கள் பெருகிய காலத்தில் தொலைபேசி தோட்டத்துக்குள்ளும் நுழைந்தது. ஆனால் அது துரையின் பங்களாவோடும் அலுவலகத்தோடும் நின்றது. அங்கிருந்து லயத்துக்குப் போக வேண்டிய செய்தி, கிராணியின் வாய்வழியோ கங்காணியின் வாய்வழியோதான் போயிற்று. கம்பி வந்துவிட்ட தோட்டம் என்று வரைபடம் சொல்லும். அக்கம்பியின் முனையில் அமர்ந்து பேசும் உரிமை எத்தனை பேருக்கு இருந்தது என்பதை வரைபடம் சொல்லாது. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இது மீண்டும் வரும்.

அக்காலத்துச் சட்டங்கள் இரண்டை ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும். முதலாவது, 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி. தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள், தாமே ஆள் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், அந்நிதிக்குத் தீர்வை செலுத்த வேண்டும். அப்பொது நிதியிலிருந்து புதிய தொழிலாளரின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. எல்லாரிடமும் சிறிது சிறிதாகத் திரட்டிப் பொதுத் தேவையை நிறைவேற்றும் முறையை, ஆள் தேவைப்பட்ட காலத்தில் அரசும் முதலாளிகளும் நன்கு அறிந்திருந்தனர்.

இரண்டாவது, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டத்தில் பள்ளி அமைக்கும் பொறுப்பை அச்சட்டம் தோட்ட உரிமையாளரிடம் வைத்தது. விளைவு நாம் அறிந்ததே. சட்டத்தின் சொல் காப்பாற்றப்பட்டது; பொருள் காப்பாற்றப்படவில்லை. பழைய கொட்டகை பள்ளியாயிற்று. கங்காணியோ கிராணியோ ஆசிரியரானார். ஆயினும் ஒன்றை மறுத்தற்கில்லை. பத்துப் பிள்ளைகள் என்று சட்டம் எண்ணிச் சொன்னமையால், குறையுள்ளதாயினும் ஒரு பள்ளி வந்தது. எண்ணிக்கையில் இடம்பெறாத எதுவும் தோட்டத்துக்குத் தானாக வந்ததில்லை.

இலாகா நிறுவனமான கதை

போருக்குப் பின் 1946இல் மலாயாவில் தொலைத்தொடர்பு இலாகா அமைந்தது. நாற்பது ஆண்டுகள் இலாகாவே தொலைபேசியை நடத்தியது. 1985இல் முதல் கைப்பேசிச் சேவை தொடங்கியது. 1987 சனவரி முதல் நாள் இலாகாவின் பணிகள் நிறுவனமொன்றுக்கு மாற்றப்பட்டன. 1990இல் அந்நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் தனியார் கைப்பேசி நிறுவனங்கள் பல தோன்றின. பணம் புழங்கும் நகரங்களிலும் பெருஞ்சாலை ஓரங்களிலும் கோபுரங்கள் போட்டியிட்டு எழுந்தன.

இலாகாவாக இருந்தவரை, நட்டம் வரும் ஊருக்கும் கம்பி இழுப்பது அரசின் கடமை என வாதாட இடமிருந்தது. பங்குதாரருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனத்திடம் அவ்வாறு வாதாட முடியுமா? இதற்கு விடையாக வந்தது 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம். அதனை நடத்த ஓர் ஆணையம் அமைந்தது. அனைவர்க்கும் சேவை வழங்கும் கடமையைச் சட்டமே கூறியது. 2002ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஆண்டு வருவாய் 20 இலட்சம் வெள்ளியைத் தாண்டும் உரிமம் பெற்ற நிறுவனங்கள், விதிப்படி கணக்கிட்ட நிகர வருவாயில் 6 விழுக்காட்டைப் பொது நிதிக்குச் செலுத்த வேண்டும். அந்நிதி சேவை குறைந்த இடங்களுக்குச் செலவிடப்படும்.

1907ஆம் ஆண்டின் முறையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் வேறு நோக்கத்தோடு வந்தது என்பதைக் காண்க. அன்று ஆளைக் கொண்டுவரப் பொது நிதி. இன்று செய்தியைக் கொண்டுசெல்லப் பொது நிதி. கொள்கையளவில் இது பாராட்டத்தக்க ஏற்பாடு.

ஆனால் சேவை குறைந்த இடம் எது? தொடக்க கால விதியின்படி, தொலைபேசிச் சந்தாதாரர் விகிதம் நாட்டுச் சராசரியைவிட 20 விழுக்காடு குறைந்திருந்தால் அது சேவை குறைந்த பகுதி. இங்கேதான் கணக்கு நுட்பமாகிறது. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். ஒரு பகுதியில் ஆயிரம் வீடுகள். எண்ணூறு வீடுகள் பட்டணத்தில். எல்லாவற்றிலும் தொலைபேசி உண்டு. இருநூறு வீடுகள் தோட்டங்களில், ஒன்றிலும் இல்லை. பகுதி முழுவதையும் சேர்த்து எண்ணினால் நூற்றுக்கு எண்பது. நல்ல பகுதி என்று ஏடு சொல்லும். தோட்டங்களைத் தனித்து எண்ணினால் சுழியம். பெருங்காட்டுக்குள் இருக்கும் கம்பம் தன் தனிமையால் கணக்கில் தென்படுகிறது. பட்டணத்தை ஒட்டிய தோட்டம் பட்டணத்தின் நிழலில் மறைந்துபோகிறது.

நகரத்துக்கு விரைவு, நாட்டுப்புறத்துக்கு மையம்

2000ஆம் ஆண்டு முதல் கிராம இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. பின்னர் அவை பல பெயர்களைப் பெற்றன. ஊருக்கு ஒரு மையம், அதில் சில கணினிகள் என்பது அன்றைய ஏற்பாடு. குறை கூறத்தக்கதன்று, பலர் முதன்முதல் கணினியைத் தொட்டது அங்கேதான்.

நகரத்துக்கு வந்ததோ வேறு அளவு. அரசும் தொலைபேசி நிறுவனமும் 2008இல் செய்த உடன்படிக்கைப்படி, 1,130 கோடி வெள்ளி மதிப்பில் அதிவேக அகன்ற அலைவரிசைத் திட்டம் தொடங்கியது. அதில் அரசின் பங்கு 240 கோடி வெள்ளி. 2010 மார்ச்சில் ஒளியிழை வழியாக வீட்டுக்குள் இணையம் வந்தது. தொழில் வளம் மிக்க நகரப்பகுதிகளே முதலில் அதனைப் பெற்றன. புறநகர்களுக்கான திட்டம் 2015இல்தான் கையெழுத்தாயிற்று. நகரத்து வீட்டில் ஒளியிழை. நாட்டுப்புறத்துக்கு மையத்துக்கு நடந்துபோகும் வழி.

பள்ளிகளும் இவ்வரலாற்றில் உண்டு. 2011இல் நாட்டுப் பள்ளிகள் அனைத்தையும் இணையத்தாலும் மெய்நிகர்க் கற்றல் தளத்தாலும் இணைக்க 400 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட திட்டம் தொடங்கியது. அத்தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு எனத் தேசியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019 சூன் இறுதியோடு திட்டம் நிறைவுற்றது. கருவியை நிறுவுவது ஒன்று. வகுப்பறையில் அது நாள்தோறும் பயன்படுவது வேறொன்று. தொலைபேசி வந்தும் லயத்துக்குப் பேச்சு வராத பழைய நிலையையே இது நினைவூட்டுகிறது.

அதே 2019இல் ஐந்தாண்டுகளுக்கு 2,160 கோடி வெள்ளியில் தேசிய ஒளியிழை, தொடர்புத் திட்டம் வகுக்கப்பட்டது. திட்டம் வேர் பிடிக்குமுன் பெருந்தொற்று வந்தது.

2020: கணக்கு வெளிப்பட்ட ஆண்டு

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடம் இணையத்துக்கு ஏறியது. கல்வி அமைச்சு ஏறத்தாழ ஒன்பது இலட்சம் மாணவரைப் பற்றி நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டினரிடம் எவ்விதக் கருவியும் இல்லை என்பது தெரியவந்தது. சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் பல்கலைக்கழக மாணவி ஒருவர், இணையவழித் தேர்வு எழுத அலை வேண்டி மரத்தின்மேல் ஓர் இரவு தங்கிய செய்தி நாட்டையே உலுக்கியது.

அவர் ஏறிய மரம் படத்தில் வந்தது. படத்தில் வராத மேடுகள் எத்தனையோ உண்டு. செம்பனைத் தோட்டமொன்றின் நடுவே அமைந்த எம் பள்ளியில், ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர் சிலர் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுக்குச் சென்றால்தான் ஆசிரியரின் குரலைக் கேட்க முடிந்தது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். அவர் மாலையில் வந்த பின்னரே பிள்ளைக்குப் பாடம். மழை பெய்தால் அதுவும் இல்லை. ஆசிரியர்கள் பயிற்சித் தாள்களை அச்சிட்டுத் தோட்டத்து மளிகைக் கடையில் வைத்தனர். பெற்றோர் அரிசி வாங்க வரும்போது எடுத்துச் சென்றனர். இணையக் காலத்தில் எம் பள்ளியைக் காத்தது பழைய அஞ்சல் முறையே. ஆசிரியர்க்கு நடந்த இணையவழிப் பயிற்சிகளில் நகரத்து ஆசிரியர் கேட்ட கேள்வி, எந்தச் செயலி நல்லது என்பது. தோட்டத்து ஆசிரியர் கேட்ட கேள்வி, எந்த மேட்டில் அலை வரும் என்பது.

சாளரம் திறந்தது

2020 ஆகஸ்ட் 29ஆம் நாள் ஜெண்டெலா திட்டம் அறிவிக்கப்பட்டது. மலாய் மொழியில் ஜெண்டெலா என்பது சாளரம். மக்கள் வாழும் பகுதிகளில் நான்காம் தலைமுறை அலையை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டுக்கு 2022 இறுதிக்குள் உயர்த்துவது அதன் முதற்கட்ட இலக்கு. கைப்பேசி இணைய வேகம் வினாடிக்கு 25 மெகாபிட்டிலிருந்து 35 மெகாபிட்டாக வேண்டும். மூன்றாம் தலைமுறைச் சேவை 2021 இறுதிக்குள் நிறுத்தப்பட்டு, அதன் அலைவரிசை நான்காம் தலைமுறைக்குத் திருப்பப்பட்டது. முதற்கட்ட இலக்குகள் நிறைவேறின என ஆணையம் அறிவித்தது. மெய்யான முன்னேற்றம் இது; நாட்டுப்புறத்தில் பணியாற்றும் எவரும் மறுக்கமாட்டார்.

ஆயினும் எஞ்சிய மூன்று விழுக்காட்டை நோக்குவோம். எண்ணில் அது சிறிது. மக்கள்தொகையால் கணக்கிட்டாலோ, மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில் அது பத்து இலட்சத்தை நெருங்கும். அன்றியும், அலை கிடைக்கும் பகுதி என வரைபடத்தில் வண்ணம் தீட்டிய இடமெல்லாம் வீட்டுக்குள் அலை வரும் இடமன்று. ஈரமிக்க செம்பனை ஓலை அலையை உறிஞ்சும். மேடுபள்ளம் அதனை மறைக்கும். கோபுரத்துக்கு ஒளியிழை வராவிடின், அலை இருந்தும் வேகம் இராது.

நிலம் யாருடையது?

இனித் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை காண்போம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி தொலைத்தொடர்பு கூட்டரசின் பொறுப்பு. நிலம் மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே, பணம் ஓரிடத்தில், அனுமதி வேறிடத்தில். தோட்டப்புறத்தில் மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவர் நில உரிமையாளர். கோபுரம் நிற்கும் இடத்துக்கும், குழி தோண்டும் பாதைக்கும், மின்கம்பிக்கும் அவர் இசைவு வேண்டும். செம்பனை நட்ட நிலத்தை விட்டுக்கொடுக்க அவருக்குப் பெரிய ஆதாயம் இல்லை; விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இது புதிதன்று. கம்பங்களுக்கு மின்சாரமும் குழாய்நீரும் சாலையும் சென்றபோது, தோட்டம் தனியார் நிலம் என்ற ஒரு சொல்லால் தோட்டப்புறம் பல காலம் ஒதுக்கப்பட்டது. அரசு உரிமையாளரைக் காட்டியது. உரிமையாளர் அரசைக் காட்டினார். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டம் குடிநீரையும் மின்சாரத்தையும் உரிமையாளரின் கடமையாக்கியது. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோதும் இணையம் அதில் இடம்பெறவில்லை. தோட்டப் பள்ளிகள் பலவற்றின் நிலமும் தோட்டத்துக்கே உரியது. கம்பமொன்று நடவும் கடிதம் எழுத வேண்டும்.

2023இல் செயற்கைக்கோள் இணையத்துக்கு நம் நாட்டில் உரிமம் வழங்கப்பட்டது. கோபுரமின்றி வானிலிருந்து வரும் இச்சேவை நிலச் சிக்கலைக் குறைக்கும். ஆனால் அதன் கட்டணம் தோட்டத் தொழிலாளிக்கு எட்டுவதன்று. பொது நிதி தாங்கினாலன்றிப் பயனில்லை.

தோட்டங்களில் இப்போது நம்மவர் எத்தனை பேர், இருப்போரும் நகரத்துக்குச் சென்றுவிடுவர், பிறகு எதற்குக் கோபுரம் என்று கேட்போர் உண்டு. எஞ்சியிருப்போர் பெரும்பாலும் செல்ல வழியற்றவர். அவர் பிள்ளைகளுக்கே இணையம் மிகவும் தேவை. மேலும், அதே லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வாழ்கின்றனர். ஊரில் தாய் நோயுற்ற செய்தியை அவரும் ஒரு மேட்டில் ஏறித்தான் கேட்கின்றார். நம் முன்னோர் பட்டதை அறிந்த நாம் அதனைக் கண்டும் காணாதிருத்தல் தகுமா?

ஆசிரியர் கடமை

வரலாறு காட்டும் பாடம் ஒன்றே. சட்டம் எண்ணியவரைத்தான் சேவை சென்றடைந்தது. 1923இல் பத்துப் பிள்ளைகள் என்று எண்ணியதால் பள்ளி வந்தது. ஆகவே, மாவட்டச் சராசரியை விட்டு, ஒவ்வொரு பள்ளியையும் ஒவ்வொரு தோட்டக் குடியிருப்பையும் தனித்தனியே எண்ணும் முறை வேண்டும். தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்தில் நீருக்கும் மின்சாரத்துக்கும் அடுத்துத் தொடர்பும் சேர வேண்டும். கோபுரத்துக்கு இடம் மறுக்கும் உரிமைக்கு ஓர் எல்லை வகுக்கப்பட வேண்டும்.

இவை பெரியோர் செய்ய வேண்டியவை. நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வருகைப் பதிவேட்டை நாள்தோறும் பிழையின்றி எழுதும் நமக்கு, எந்த வீட்டில் அலை உண்டு, எந்த வீட்டில் இல்லை, எந்நேரம் வரும், எந்நேரம் போகும் என்று எழுதி வைப்பது கடினமன்று. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியே அப்பதிவைத் தேதியோடும் இடப்பெயரோடும் ஆணையத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் ஒருசேர அனுப்பலாம். பொதுவாகச் சொல்லும் முறையீட்டை ஏட்டில் ஒதுக்கிவிடலாம். நாற்பத்திரண்டு வீடுகளில் முப்பத்தொன்றில் அலை இல்லை என்ற வரியை அவ்வாறு ஒதுக்குதல் எளிதன்று. கணக்கில் நம்மைச் சேர்க்கும் வரை காத்திராமல், கணக்கை நாமே எழுதித் தருவோம்.